கிரெட்சன் மாட்டிய படம்

மார்ச் 5, செவ்வாய்

வங்கியின் மதிப்பீடு வந்துவிட்டது. போன கோடையில் எதிர்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்ற வீடு இதைவிடச் சின்னது, கூரை ஒழுகும். அதற்குக் கிடைத்த விலையில் பாதிகூட எங்கள் வீடு பெறாதாம். இந்த மதிப்புக்குக் கிடைக்கும் கடனில் அம்மாவுக்குக் கீழே ஓர் அறை கட்ட முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு அவளால் மாடி ஏற முடியவில்லை. கூடத்து சோபாவில்தான் படுக்கை. அறை இல்லையென்றால் முதியோர் இல்லம்தான்—

மதிப்பிட வந்தவர் அம்மா எங்கள் கறுப்பர் தேவாலயப் பாடகர் குழுவோடு நிற்கும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவசர அவசரமாக எழுதிக்கொண்டு கிளம்பினார். நான் காபி வேறு கொடுத்தேன்.

மார்ச் 9, சனி

இதற்கு ஒரு வழி உண்டு. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி, யாரும் உரக்கச் சொல்லாத வழி. வேறு வங்கியில் விண்ணப்பிக்க வேண்டும்; மதிப்பிட ஆள் வரும் நாளில் வீட்டில் நாம் இருக்கக் கூடாது, நம் இடத்தில் ஒரு வெள்ளைக்கார முகம் இருக்க வேண்டும்.

கிரெட்சனைக் கேட்டேன். இருபது வருஷத் தோழி. ஒரே பள்ளியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என் பிரசவத்தின்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான், என் கணவன் இல்லை.

"நான் உன் வீட்டுக்குச் சொந்தக்காரியா நிக்கணுமா?" என்றாள். "இது எனக்குப் பிடிக்கலை, டெல்."

"எனக்கு மட்டும் இனிக்குதா?"

"சரி. என்ன உடுத்தட்டும்? முத்துமாலை போட்டுக்கவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான்தான் சொன்னேன்: "நம்புற மாதிரி பண்ணு. அந்த ஆள் என்ன சொன்னாலும் ஒத்துப் பாடு."

நான்தான் சொன்னேன். இதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

மாலை முழுக்க எங்களை இந்த வீட்டிலிருந்து கழற்றினோம். கல்யாணப் படம், என் மகள் பட்டம் வாங்கிய படம், புத்தக அலமாரியில் பாதி, குளியலறையில் இருந்த, எங்கள் சுருள்முடிக்கான தலை எண்ணெய், அம்மா படுக்கும்போது முடிக்குப் போடும் சாட்டின் தொப்பி. சமையலறையில் தொங்கிய காலண்டரையும் எடுத்தோம். ஈமச்சடங்கு நிலையம் வருஷா வருஷம் கொடுப்பது, மேலே சிரித்துக்கொண்டிருக்கும் கறுப்புக் குடும்பம். அதை மறந்திருப்பேன். கிரெட்சன்தான் கண்டுபிடித்தாள். எதை எதை எடுக்க வேண்டும் என்று அவள் கண்ணுக்கு உடனே தெரிந்தது.

தன் வீட்டிலிருந்து மூன்று படங்கள் கொண்டு வந்திருந்தாள். பாடகர் குழுப் படம் இருந்த ஆணியில், ஏரிக்கரையில் நிற்கும் அவளுடைய அப்பா அம்மா.

அம்மா சோபாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை எந்த அட்டைப்பெட்டியில வைக்கப் போற?"

"மிஸ் ஓப்பல், ஒரே ஒரு காலைப்பொழுதுதான்" என்று அம்மாவிடம் சொன்னாள் கிரெட்சன்.

"தெரியும்டி கண்ணு. எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவா, வெள்ளைக்காரங்களுக்கு முன் சீட்டை விட்டுட்டு பஸ்ல பின்னாடி உக்காரும்போது. ஒரே ஒரு காலைப்பொழுதுதான்னு."

கிரெட்சன் முகம் சிவந்துபோனது. நான் ஆணியைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 15, வெள்ளி

கடை வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்திருந்தோம், நானும் அம்மாவும். வாசல் அழைப்புமணியில் இருக்கும், பேச்சும் கேட்கும் கேமராவை என் போனில் பார்த்திருக்க வேண்டாம். பார்த்தேன்.

புது வங்கியின் ஆள் வேலை முடிந்து வெளியே வந்தார். கிரெட்சன் வழியனுப்ப வந்தாள். அவர் தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு, "அக்கம்பக்கம் ரொம்ப மாறிட்டே வருது போல. உங்களுக்குக் கவலையா இல்லையா?" என்றார்.

கிரெட்சன் சிரித்தாள். "என்ன செய்ய? நம்ம ஆளுங்க இன்னும் நாலு வீடு இருக்கோம். அந்தமட்டும் நிம்மதி."

வேறு யாரோ சிரிப்பதுபோல இருந்திருந்தால் நடிப்பு என்று விட்டிருப்பேன். என் சமையலறையில் உட்கார்ந்து என்னோடு சிரிக்கும் அதே சிரிப்பு. கொஞ்சம்கூட மாறவில்லை.

"நல்லா பண்றா" என்றாள் அம்மா.

"நடிப்புதானேம்மா?"

"என்னை ஏண்டி கேக்கற? அவளைக் கேளு."

கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன். "போதுமா, டெல்?" என்றாள். எதைக் கேட்டாள்?

மார்ச் 16

தூக்கமில்லை. அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்? "அப்படிப் பேசாதீங்க" என்றா? சொல்லியிருந்தால் அறை போயிருக்கும். சொல்லாததால் இது. இரண்டில் எது நடந்திருந்தாலும் அவள்மேல் எனக்கு ஏதோ ஒரு கோபம் மிஞ்சியிருக்குமோ?

மார்ச் 26, செவ்வாய்

முதல் மதிப்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. கடன் கிடைத்துவிடும். கிரெட்சன் போனில் கத்தினாள்: "ஜெயிச்சுட்டோம்! அந்த முதல் ஆள்மேல புகார் கொடுக்கலாம், நான் சாட்சி சொல்றேன்." கடன் கையில் வரும்வரை வாயைத் திறக்காதே என்றேன். வாசலில் நிற்கும் தபால்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்றாள்.

"இல்லையே. வேலை அதிகம்."

ஏப்ரல் 21, ஈஸ்டர்

கிரெட்சன் வந்தாள். நான் மாடியில். போனில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது.

"உள்ளதான் இருக்கேன்னு தெரியும். கார் நிக்குது." கேமராவைப் பார்த்தே பேசினாள். அந்தக் கண் அன்றைக்கும் அங்கே இருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது. தெருவைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி கேமராவை. "ஐயோ டெல்... நீ கேட்டியா? அன்னைக்கு... நீ கேட்டியா?"

இறங்கிப் போய்க் கதவைத் திறக்கப் பன்னிரண்டு படிகள்தான். நான் அசையவில்லை.

"யாருடி மணி அடிக்கிறது?" என்று கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "கதவைத் திறடி!"

திறந்தபோது அவள் கார் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. படியில் பீன்ஸ் சூப், துணி சுற்றி. இன்னும் சூடாக இருந்தது. அம்மா குடித்தாள். நான் தொடவில்லை.

ஜூன் 8, சனி

கிரெட்சன் தன் மகளோடு இருக்க ஒரேகன் மாநிலத்துக்குப் போய்விட்டாளாம். புது முகவரி மட்டும் அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரு வரி: "அப்பா அம்மா படம் உன்கிட்டயே இருக்கட்டும், கேட்கிற உரிமை எனக்கு இல்லை." மற்ற இரண்டையும் அன்றே எடுத்துப் போனவள் இதை மறந்திருந்தாள்.

பதில் எழுதி அழித்தேன். எழுதி அழித்தேன்.

ஜூலை 2

அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். வீடு முழுக்கத் தூசி.

செப்டம்பர் 28, சனி

அறை முடிந்தது. ஜன்னல் தோட்டத்தைப் பார்க்கிறது. எங்கள் படங்கள் எல்லாம் பழைய ஆணிகளுக்கு வந்துவிட்டன. கிரெட்சனின் அப்பா அம்மாவை அட்டையில் சுற்றி அனுப்பப் போனேன். அம்மா விடவில்லை. "எனக்கு ரூம் வாங்கிக் குடுத்தவங்கடி. என் சுவத்துல மாட்டு." மாட்டினேன்.

இன்று கைப்பிடிக் கம்பி பொருத்த ஓர் இளைஞன் வந்தான், எங்கள் ஆள்தான். துளை போட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தான். "மேடம், இந்த வெள்ளைக்காரங்க யாரு?"

அம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவங்களா? வீட்டுக்காரங்க தம்பி. நாங்க சும்மா தங்கியிருக்கோம்."

பையன் திருதிருவென்று முழித்தான். நான் சமையலறைக்கு ஓடிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கை தானாகப் போனை எடுத்தது. அவள் பெயர்வரை போய்விட்டது. இதைக் கேட்டு மூச்சு முட்டச் சிரிக்க உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போனைத் திருப்பி மேசைமேல் வைத்தேன்.