ஜிப்புக்கு இரட்டை வரி

மார்ச் 2, ஞாயிறு

மாண்புமிகு அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. போனைப் பறித்துக்கொண்டவரிடம் அவ்வளவு ஆவல் வரமாட்டேன் என்கிறது.

நான் செய்த குற்றம் என்ன? தலைமையாசிரியை குரலில், பள்ளி ஒலிபெருக்கியில், "இன்று அரைநாள் விடுமுறை" என்றேன். பாதிப் பள்ளி வீட்டுக்குப் போனது என் குரல்வளம். அதற்காக, சட்டசபைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் போனை ஒளித்துவைத்துவிட்டுப் போவீர்களா? மாவு டப்பா, பீரோ, தையல் மிஷின் பெட்டி எல்லாம் கவிழ்த்தாயிற்று.

அப்பா நலம். கடையில் அதே பாட்டுதான். "பொத்தானுக்கு வரி இல்ல, ஜிப்புக்கு ரெட்டை வரி! ஜிப் வெச்சவன்லாம் கோடீஸ்வரனா?" என்று துணியை வெட்டிக்கொண்டே கத்துகிறார். வீடு பெருக்குவதும் அவர்தான். துடைப்பம் அவர் இலாகா; நான் கல்வித் துறை.

உங்கள் வரி ஆணைய மசோதா என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும் மகள்

மார்ச் 6, வியாழன்

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் கிடைக்காது.

மசோதாவை யாரும் எதிர்க்கவில்லை. அதுதான் சிக்கல். ஆட்சிக்கு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மொத்தமாக உட்கார்ந்து, யார் கட்டுகிறார்கள், எதற்குச் செலவாகிறது என்று யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க ஓர் ஆணையம் வேண்டும் என்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் அமைச்சரல்லாத உறுப்பினரின் மசோதா வெள்ளிக்கிழமை மாலை, கடைசியில்தான் வரும். அதற்குள் எல்லோரும் ஊர் ரயிலுக்கு ஓடிவிடுகிறார்கள்.

"அக்கா, உங்க மசோதா தங்கம்! ஆனா ரயில் நிக்காதே" என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர்.

அவையில் குறைந்தது இத்தனை பேர் இருந்தாக வேண்டும். அதைக் கோரம் என்பார்கள். கோரம் இல்லாமல் இரண்டு முறை தள்ளிப்போனது. 21ஆம் தேதியும் இல்லையென்றால் மசோதா செத்தது. அடுத்த தேர்தலில் நான் நிற்கப்போவதில்லை என்பது உனக்கே தெரியும். எனக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை கிடையாது.

அப்பாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் அம்மா

மார்ச் 10, திங்கள்

அம்மா,

அந்தக் கோரம் நிஜமாகவே கோரம்தான்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "நாலு வருஷமா இந்த மசோதாவுக்காக அலையறா, பாவம்" என்றார்.

21ஆம் தேதி எங்கள் வாலிபால் அணி அங்கேதான் வருகிறது. மாநிலப் போட்டி. எல்லாத் தொகுதியிலிருந்தும் அணிகள் வருகின்றன. சும்மா, பொது அறிவுக்காகக் கேட்கிறேன்: பார்வையாளர் மாடத்தில் எத்தனை பேர் உட்காரலாம்? கீழே இருக்கும் உறுப்பினருக்குச் சீட்டு அனுப்ப முடியுமா?

உங்கள் அடக்கமான மகள்

மார்ச் 13, வியாழன்

வாலு,

முன்னூறு பேர். ஏவலரிடம் சீட்டு கொடுத்தால் உரியவரிடம் சேர்ப்பார். ஏன்? நீ அடக்கமாகக் கேள்வி கேட்டாலே பின்னால் ஏதோ இருக்கும்.

அம்மா

மார்ச் 21, வெள்ளி இரவு

என் கண்ணே,

கையசைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய். நாங்கள் இருக்கையில் பேசிக்கொண்டது மாடத்தில் உனக்குக் கேட்டிருக்காது. கீழே நடந்ததைச் சொல்கிறேன்.

நாலு மணிக்கு வழக்கம்போலப் பைகள் எழுந்தன. பக்கத்து இருக்கைக்காரர் வாசல்வரை போய்விட்டார். அப்போது ஏவலர் கை நிறையச் சீட்டுகளோடு வந்தார், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பக்கத்து இருக்கைக்காரருக்கு வந்தது இது: 'ஐயா, நாங்கள் உங்கள் தொகுதி வாலிபால் அணி. மேலே நீலச் சட்டையில் இருக்கிறோம். கடைசி மசோதா முடிந்ததும் உங்களோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டோம்.'

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வரிசை நீலச் சட்டை மொத்தமும் கையசைத்தது.

"என்னக்கா, நம்ம ஊர்ப் புள்ளைங்களா?"

"ஆமா. ரயில் நிக்காதாமே?"

"அது கெடக்குது விடுங்கக்கா!"

அப்புறம் பார்த்த இடமெல்லாம் படத்துக்காகத் தலைவாரும் சீப்பு. கோரம் என்ன கோரம், ஓர் இருக்கைகூடக் காலியில்லை! உங்கள் முன்னால் வாய்மூடி இருக்க முடியுமா? ஆளுக்கொருவராக எழுந்து என் மசோதாவைப் புகழ்ந்தார்கள். நான் அப்பாவின் ஜிப்பைச் சொன்னதும் சபையே சிரித்தது. நிதி அமைச்சர் தன் பையின் ஜிப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

எதிர்த்து ஒரு குரல்கூட இல்லை. ஆணையம் வந்துவிட்டது, கண்ணே! மாடத்தில் கைதட்டக் கூடாது என்பது விதி. நீங்கள் தட்டிய தட்டுக்குக் கண்டிக்க வாய் திறந்த சபாநாயகர், மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் கண்ணாடி கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.

ஆணையத்தின் முதல் பொது விசாரணை நம் ஊரில் என்று நிதி அமைச்சர் அங்கேயே ஒப்புக்கொண்டார். முதல் ஆளாகப் பேசப்போவது உன் அப்பா. ஜிப்போடு வரச் சொல். கத்தரிக்கோல் வேண்டாம்.

முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டீர்களாமே? போகட்டும். இன்று ஜெயித்தது யாரென்று எனக்குத் தெரியும்.

பி.கு.: உன் போன் குறித்து ஆராய, ஒரு நபர் ஆணையம் ஒன்றும் அமைத்தேன். அதன் அறிக்கை: போன் வீட்டிலேயேதான் இருக்கிறது. துடைப்பத்துக்குப் பின்னால், ஆணியில் மாட்டிய துணிப்பையில். அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். கல்வித் துறை அந்தப் பக்கம் வராது என்று அடித்துச் சொன்னவரே அவர்தான்.

எடுக்கும்போது அப்படியே கூடத்தையும் பெருக்கிவிடு. அடுத்த வாரம் ரயிலில் வருகிறேன்.

உன் அம்மா