நாலாம் முனைக் கூம்பு

1998 ஆகஸ்ட் 11, செவ்வாய்

பழைய புகைப்படங்களில் நான் முதலில் கவனித்தது இதைத்தான்: யாரும் முன்னால் பார்க்கவில்லை. கார் முன்னே பாய்கிறது, ஓட்டுபவர் கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்க்கிறார். பாதையில் இடித்த ரப்பர் கூம்பு விழுந்ததா நின்றதா என்ற கவலை. இருபத்தைந்து வருடப் படங்களிலும் அதே கழுத்து.

சங்கத் தலைவர் கிளெட்டஸ் பிராண்ட் மூன்று அட்டைப்பெட்டிகளை என் மேசையில் இறக்கினார். தேசிய ஆட்டோகிராஸ் போட்டிக்கு வெள்ளி விழாவாம். வரலாறு புத்தகமாக வர வேண்டும், நான் தட்டெழுத வேண்டும்.

"நல்லா வந்துச்சுன்னா இந்த ஆபீஸ்லயே உனக்கு நிரந்தர வேலை, ட்ரூடி."

தலையாட்டினேன். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள் என்று பதினாறில் பள்ளியை விட்டவள் நான். இங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. இதுவும் போனால் எங்கே போவேன்?

ஆகஸ்ட் 14

இன்று வரை அடித்தது: 1973-இல் ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த விமானத்தளத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார். குறைந்த நேரம் எடுத்தவர் வென்றார். வந்தவர்கள் பல் வைத்தியர், சோள வியாபாரி, கணக்கு வாத்தியார். பரிசு ஒரு கோப்பை. அந்தக் கோப்பைக்காக விவாகரத்து ஆனவர்கள் மூன்று பேர். "அது புஸ்தகத்துல வேண்டாம்" என்றார் கிளெட்டஸ்.

ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் சுண்ணாம்புச் சதுரம். கூம்பு சாய்ந்தாலும், சதுரத்தை விட்டு முழுக்க வெளியே போனாலும் இரண்டு விநாடி தண்டம். கோட்டைத் துளி தொட்டுக்கொண்டு நின்றால் தண்டம் இல்லை. பட்டம் போவது அரை விநாடியில். அப்படியானால் இரண்டு விநாடி என்பது ஒரு வருட வாழ்க்கை.

ஆகஸ்ட் 20

தோற்றவர்களின் கடிதங்கள் முழுப் பெட்டி. கூம்பு போனதற்கு ஆளுக்கொரு காரணம். 1976: காற்று. 1981: வெட்டுக்கிளி. 1984: கூம்பு பிறவியிலேயே கோணல். 1989: பக்கத்தில் நின்றவர் தும்மினார்.

ஆக, இருபத்தைந்து வருடத்தில் ஒருவரும் கூம்பை இடித்ததில்லை.

கிளெட்டஸ் ஆறு முறை இரண்டாம் இடம். அவர் அத்தியாயம் பதினான்கு பக்கம்.

ஆகஸ்ட் 28

நான்கு முறை பட்டம் வாங்கிய ஹோமர் டில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் ஏந்திக்கொண்டு வந்தார். மேசை மேலிருந்த தாள்களைப் புரட்டினார்.

"ஏம்ப்பா கிளெட்டஸ், நீ எழுதுறது போட்டியோட வரலாறா, உன் வரலாறா?"

"உன் பேரும் இருக்குடா. அடிக்குறிப்புல."

"ரெண்டாவது வந்தவனுக்குப் பதினாலு பக்கம், மொதல்ல வந்தவனுக்கு அடிக்குறிப்பு. மூணாவது வந்தவனுக்கு என்ன, சிலையா?"

நான் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன்.

செப்டம்பர் 16

போட்டி வாரம். இங்கே ஒரு வழக்கம்: காலையில் ஓட்டியவர் மதியம் வெயிலில் நின்று அடுத்தவர் தள்ளிய கூம்பைப் பொறுக்கி வைத்து, தண்டத்தைக் கை ரேடியோவில் சொல்ல வேண்டும். எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் தப்ப முடியாது. பாதையின் நாலாம் முனையில் நின்ற கணக்கு வாத்தியார் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டார். நாளைக்கு அவர் இடத்தில் நான். என்னை அங்கே போட்டவர் கிளெட்டஸ்.

"பயப்படாத கண்ணு. சும்மா நின்னாப் போதும். ரேடியோல நீ பேசவே வேண்டாம்."

கிளெட்டஸ் பயிற்சியில் அடிக்கடி உரசுவது நாலாம் முனைக் கூம்பைத்தான். வாய் திறக்காதவளை அங்கேயா நிறுத்துவார்? சே, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது.

செப்டம்பர் 17

வரிசையாக எழுதுகிறேன்.

ஒவ்வொருவருக்கும் கடைசி ஓட்டம். ஹோமர் அறுபத்தொன்று புள்ளி நான்கு விநாடி. கிளெட்டஸ் என் முனையில் திரும்பும்போது பின்சக்கரம் கூம்பைத் தட்டியது. அது சறுக்கிப் போய் நின்றது. சாயவில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி. அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். நிற்கிறது! ஜன்னல் வழியே முஷ்டியை உயர்த்தினார். அறுபத்தொன்று புள்ளி ஒன்று. கூட்டம் கத்தியது.

ரேடியோவில் நேரம் குறிக்கும் மேவிஸ்: "நாலாம் முனை, சுத்தமா? சத்தம் இல்லேன்னா சுத்தம்னு போட்டுருவேன்."

சத்தம் இல்லை. சத்தம் இல்லை. மறுபடி அதே வகுப்பறை. பேசாமல் இருந்தால் வேலை நிரந்தரம். என்னடி செய்யப் போற?

"ஒரு கூம்பு."

"யாரும்மா அது? சரியாக் கேக்கல."

"ட்ரூடி. நாலாம் முனை. ஒரு கூம்பு. வெளியில."

அடுத்த கார் கிளம்பிவிட்டது. ஓடிப்போய்க் கூம்பைச் சதுரத்துக்குள் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

மாலையில் கிளெட்டஸ் நேரே வந்தார். சுற்றி இருபது பேர்.

"கூம்பு நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்ன?"

"வெளியில நின்னுச்சு."

பின்னால் ஹோமர் இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம். பட்டம் அவருக்கு. ஐந்தாவது.

செப்டம்பர் 18

அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. முன்பு அது எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 23

கிளெட்டஸ் கடைசிப் பக்கத்தைக் கையால் எழுதிக் கொண்டுவந்தார். ‘1998: நாலாம் முனையில் நின்ற அனுபவமற்ற பெண் ஒருத்தி ஒரு கூம்பு என்று அறிவித்ததால் பட்டம் பறிபோனது.’

"இத அடிச்சுக் குடுத்துட்டு நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

அப்படியும் கேட்டேன். நானாகவே பேசினேன்.

"பேர் போடட்டுமா?"

"தாராளமாப் போடு! நாடே தெரிஞ்சுக்கட்டும்."

அவர் போன பிறகு பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். வரலாறு முழுக்க, ஓட்டியதற்காக நானூற்றுப் பதினேழு பெயர்கள். வெயிலில் நின்று கூம்பு பார்த்ததற்காக ஒன்றுகூட இல்லை.

‘பெண் ஒருத்தி’யை எடுத்துவிட்டு ‘ட்ரூடி வெபர்’ என்று அடித்தேன். மற்றபடி ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். உறையில் போட்டு ஒட்டி, அச்சகத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன்.