புளிப்பு கடைசியில்தான்

பாசிக்,
5 ஜூன் 1994

அன்புள்ள குளோரிபெல்,

நலம்தானே? மூன்று வருடம் கழித்து என்ன திடீர்க் கடிதம் என்று முறைப்பாய். முறைத்துவிட்டு மேலே படி.

மணிலாப் பக்கம் ஒருவழியாகக் கடை போட்டுவிட்டேன். 'பாக்கோலோட் சுட்ட கோழி' என்று பெரிய பலகை. நல்ல கரி, மூங்கில் குச்சி, நெருப்புக்கு என் கை. ஆனால் நம்மூர்க்காரன் எவன் வந்தாலும் ஒரு கடி கடித்துவிட்டு, "அண்ணே, நிறம் இருக்கு, ருசி எங்க?" என்கிறான். என்ன சொல்வேன்? நெருப்புக்கு முன்னால் நின்றது நான், கோழியை ஊறவைத்தது நீ. அந்தப் பானைக்குள் நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

"உன் கை இல்லாம எனக்குக் கடை நடக்காதா?" என்று கடைவரிசையே கேட்கக் கத்திவிட்டுக் கப்பல் ஏறியவன்தான் கேட்கிறேன். எப்படி ஊறவைப்பாய்? சிரித்து முடித்ததும் எழுது.

எலிசியோ


பாக்கோலோட்,
19 ஜூன் 1994

எலிசியோ,

சிரித்து முடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. பக்கத்துக் கடைக்காரிக்கும் படித்துக் காட்டினேன். "ஐயோ பாவம், எழுதித் தொலைடி" என்றாள். அவளுக்காக எழுதுகிறேன், உனக்காக இல்லை.

அங்கே கோழியைச் சோடாவில் ஊறவைக்கிறார்களாமே? நீயும் ஊற்றியிருப்பாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா? முதலில் அதைக் கொட்டு. தண்ணீரைச் சுடவைத்து உப்பைக் கரை. நசுக்கிய இஞ்சி, பூண்டு, எலுமிச்சம்புல் போட்டு நன்றாக ஆறவிடு. ஆறுவதற்குள் கோழியைப் போட்டால் பாதி வெந்துபோகும். உப்பு, கஞ்சிக்குப் போடுவதைவிடக் கூட, கடலைவிடக் குறைய. ராத்திரி முழுக்க ஊறட்டும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எழுதத் தாளில் இடம் இல்லை.

குளோரிபெல்

குதிகால் வெடிப்பு ஆறியதா? தேங்காயெண்ணெய் தடவுகிறாயா, இல்லையா?


பாசிக்,
10 ஜூலை 1994

அன்புள்ள பெல்,

தாளின் பின்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. இடம் இல்லையாம்!

உப்புத் தண்ணீர் பலித்தது, சதை மெத்தென்று வருகிறது. ஆனால் உன் கோழியில் இருக்கும் அந்தப் புளிப்பு வரவில்லை. கலமான்சி எலுமிச்சைச் சாறும் காடியும் ராத்திரியே ஊற்றிப் பார்த்தேன். விடிந்து பார்த்தால் எல்லாம் மாவு.

வெடிப்பு ஆறவில்லை. எண்ணெய் தடவு என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? நேற்று சோற்றில் கோழியெண்ணெய் ஊற்றிப் பிசைந்து உட்கார்ந்தேன். உன் தட்டிலிருந்து கோழிவாலை எடுத்து என் தட்டில் போடுவாயே, அது ஞாபகம் வந்து தொலைத்தது.

எலிசியோ


பாக்கோலோட்,
2 ஆகஸ்ட் 1994

எலிசியோ,

புளிப்பு கடைசியில்தான். காலையில் உப்புத் தண்ணீரை வடித்துவிடு. கரியைப் பற்றவைக்கும்போது காடியையும் கலமான்சியையும் ஊற்று. நெருப்பு கனியும்வரை ஊறினால் போதும். அதற்கு மேல் விட்டால் எவ்வளவு நல்ல கோழியும் பொடிந்துபோகும்.

கோழிவாலைப் பற்றியெல்லாம் எழுதாதே. கடையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது மூக்கைச் சிந்தும்படி ஆயிற்று.

உன் இடத்தில் நான் யாரையும் நிறுத்தவில்லை. நானேதான் விசிறுகிறேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கிறது. அக்டோபரில் முகமூடித் திருவிழா. வந்துவிடு எலிசியோ. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நேராக வந்து என் கையிலிருந்து விசிறியை வாங்கிக்கொள், போதும். எவனாவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கப்பல் தூரம்தானே?

குளோரிபெல்


பாசிக்,
9 அக்டோபர் 1994

அன்புள்ள பெல்,

வரத்தான் இருந்தேன். அதற்குள் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது, உதவிக்கு இருந்தவனும் நின்றுவிட்டான். அடுத்த வருடம் பார்ப்போம்.

கோழி இன்னும் சரியாக வரவில்லை. மார்புத்துண்டு வறண்டுபோகிறது. இஞ்சி கூடிவிட்டதோ? உடனே எழுது. தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எலிசியோ


பாக்கோலோட்,
30 அக்டோபர் 1994

எலிசியோ,

கரும்பு லாரி ஓட்டுகிற ருஃபோ அண்ணன் மணிலா போய்வந்தார். உன் கடையில் சாப்பிட்டாராம். "கண்ண மூடிக்கிட்டுத் தின்னா உன் கடையிலதான் உக்காந்திருக்கேன்னு சத்தியம் பண்ணுவேன், குளோரிபெல். ரெண்டு மாசமா அங்க வரிசையில நிக்கிறாங்க" என்றார்.

பிறகு வறண்ட மார்புத்துண்டு எங்கிருந்து வந்தது? என் கடிதத்துக்காகத்தானே புளுகினாய்? பொய் சொல்ல மாட்டேன், கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் என்ன யோக்கியம், தாளில் இடம் இல்லை என்றவள்தானே.

ஆனால் திருவிழாவன்று, ஒருவேளை வந்துவிடுவாயோ என்று உனக்காகத் தனியாக ஊறவைத்தேன், வாலும் சேர்த்து. கப்பல் வரும் நேரம் பார்த்துக் காடியை ஊற்றினேன். கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். நீ இல்லை. அடுத்த கப்பலுக்கும் காத்திருந்தேன். கோழி பொடிந்துபோயிற்று, நாய்க்குப் போட்டேன்.

உனக்குக் கடிதம் போதும். எனக்குப் போதவில்லை. அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இஞ்சியைத் தோலோடு நசுக்கு. எலுமிச்சம்புல்லின் அடித்தண்டைத் தட்டி, அதாலேயே எண்ணெய் தடவு. அவ்வளவுதான், இனி ஒளித்துவைக்க என்னிடம் எதுவும் இல்லை. நெருப்பும், நிறத்துக்குத் தடவும் சிவப்பு விதை எண்ணெயும் நீ எனக்குச் சொல்லித்தந்தவை. விதை கறுப்பதற்குள் சட்டியை இறக்கிவிடு, இல்லாவிட்டால் எண்ணெய் கசக்கும் என்று நமக்குக் கல்யாணமான புதிதில் என் பக்கத்தில் நின்று சொன்னாயே.

வருவதானால் நீயே வா. கடிதம் வந்தால் பதில் எழுத மாட்டேன்.

குளோரிபெல்


பாசிக்,
4 டிசம்பர் 1994

அன்புள்ள பெல்,

நேற்று துறைமுகம்வரை போனேன். சட்டையை இஸ்திரி போட்டு, உனக்கு ஒரு ஜோடி செருப்பும் வாங்கி வைத்துக்கொண்டு போனேன். ஏணிப்படி வரைக்கும் போய்விட்டேன். "ஏறுறியாய்யா, இல்ல வழிய விடுறியா?" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். வழியை விட்டுவிட்டேன். அந்தக் கடைவரிசையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பேன், பெல்? கப்பல் போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

அப்புறம், சிவப்பு விதை எண்ணெய் ஏனோ கசக்கிறது. சட்டியை எப்போது இறக்க வேண்டும்? ஒரு வரி எழுதினால் போதும்.

உன்
எலிசியோ