பெரியப்பாவின் கழுத்துத் தழும்பு

மோர்னிங்சைட், ரொறன்ரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் துர்க்காவுக்கு,

நானும் அம்மாவும் தங்கச்சி நிலாணியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், கல்கரியில் நீயும் மருமகன் ராகுலனும் குஞ்சு அட்சயாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் சுகத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே கேட்கிறா, கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். நேற்றுப் போனில் கழுத்து ஒப்பரேஷனை நிற்பாட்டு என்று மட்டும் சொன்னேன். ஏனப்பா என்று கேட்டாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பக்கத்தில் ராகுலன் இருமுகிற சத்தம் கேட்டது, பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மருமகனுக்கு முன்னால் வெட்கப்பட்டுத்தான் இப்படிக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் இரத்தத்தில் கல்சியம் அளவுக்கு மீறிக் கூட என்று தைப்பொங்கல் நேரம் சொன்னாய், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று உங்கள் டொக்டர் கேட்டதாகவும் சொன்னாய். எங்கடை பக்கத்திலை அப்பிடி ஒருத்தருக்கும் இல்லைப் பிள்ளை என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் பார்த்தேன், அது இன்னொரு பொய். யோசித்துத்தான் சொன்னேன். நிலாணிக்கு வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை சம்பந்தம் கூடிவருகிற நேரம், பரம்பரை வருத்தம் என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், பெண் கேட்டு வருகிறவர்கள் பாதி வழியில் காரைத் திருப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். எனக்கும் கல்சியம் கூடத்தான், குடும்ப டொக்டர் எப்போதோ சொன்னவர். பெரியப்பாவுக்கும் கூட. அவருடைய கழுத்தில் இருப்பது ஷெல் பட்ட காயம் இல்லை, மகள். கனடாவுக்கு வர முன்னம் கொழும்பில், இந்தக் கல்சியத்தைக் கூட்டுவது கழுத்துச் சுரப்பி என்று வெட்டியது. வெட்டியும் குறையவில்லை. அந்த நாள் இங்கே ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் வந்து இறங்கியபோது பார்த்தவர்கள் எல்லாரும் ஷெல்லோ அண்ணை என்று கேட்டார்கள், அவரும் ஓம் என்று தலையாட்டினார், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். நீ பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு முன்னால் நின்று பெரியப்பாவின் ஷெல் காயத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்த நாளிலும் பேசாமல் இருந்தேன்.

நீ ஒப்பரேஷனுக்குத் திகதி எடுத்துவிட்டேன் என்று சொன்னதில் இருந்து சாப்பாடு இறங்கவில்லை. குடும்ப டொக்டரிடம் அழாத குறையாகக் கெஞ்சி, யாரோ வராமல் விட்ட இடத்தில், உன் பெரியப்பாவை, என் அண்ணையையும் இழுத்துக்கொண்டு ஸ்பெஷலிஸ்டிடம் போனேன். டொக்டர் உன் வயதுப் பெண்பிள்ளை. அண்ணைக்கு இங்கிலிஷ் ஓடாது என்று மொழிபெயர்க்க ஒரு ஆளை விட்டார்கள். பார்த்தால் நிரோஷினி, அந்த வெக்ஸ்போர்ட் மாப்பிள்ளையின் சொந்தச் சித்தி! வணக்கம் அங்கிள் என்றா.

டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றும் விடாமல் சோதித்தா. கண்ணின் ஓரத்தில் லைட் அடித்துப் பார்த்தா, தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவினா, முதுகில் சிறுநீரகப் பக்கம் தட்டினா, கால் எலும்பை அமத்தி நோகுதோ என்று கேட்டா, கையை ஊன்றாமல் கதிரையால் எழும்பச் சொன்னா. நான் எழும்பினேன், அண்ணை புறுபுறுத்துக்கொண்டு எழும்பினார். ஒன்றும் இல்லை. அப்படியென்றால் வருத்தம் இல்லைத்தானே என்று கேட்டேன். அப்படி இல்லையாம், குடும்பத்தில் ஓடுகிற ஒரு வகை இருக்கிறது, அதில் உடம்பு அநேகமாக ஒன்றும் காட்டாது, இரத்தத்தில் கூடியிருக்கும், சலத்தில், அதுதான் சிறுநீரில், குறைவாகப் போகும், கழுத்தை வெட்டினாலும் மாறாது, அநேகமானவர்களுக்கு ஒரு வைத்தியமும் தேவையில்லையாம். அதனால்தான் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்பது முக்கியமாம். சோதித்தபோது அவவின் விரல் நின்றது ஒரே இடத்தில், அண்ணையின் தழும்பில். என்ன இது என்று கேட்டா. அண்ணை பழக்கதோஷத்தில் ஷெல் என்றார். நிரோஷினியும் யுத்தக் காயம் என்று மாற்றிச் சொன்னா. டொக்டர் முகம் வாடி, மன்னிக்கச் சொல்லிவிட்டு, கையை எடுத்தா.

அந்தக் கை எடுபட்டதும் உன் கழுத்துத்தான் எனக்குக் கண்முன் தெரிந்தது. இல்லை, அது பொய், இதுக்குத்தான் வெட்டினது, எனக்கும் இருக்கு, என்ரை மகளையும் வெட்டப்போகினம் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். நிரோஷினி ஒரு சொல்லும் விடாமல் இங்கிலிஷில் சொன்னா. வெளியே வரும்போது, இங்கை கேட்டதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அங்கிள், பயப்பிடாதேங்கோ என்றா. இரத்தமும் சலமும் கொடுத்தோம், எங்கள் இருவருக்கும் அந்த வகைதான் என்று முந்தாநாள் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். நிலாணி என்னை நிமிர்ந்து பார்த்து, அக்காவின்ரை கழுத்தை வெட்டித்தான் உந்தக் கலியாணம் நடக்கவேணுமோ அப்பா, மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே சொல்லுறன் என்றாள். அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

எங்கள் ரிப்போர்ட்டுகளை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் டொக்டரிடம் காட்டு, சலத்தையும் சோதிக்கச் சொல்லு, அதுக்குப் பிறகு அவர் சொல்வதைக் கேள். அட்சயாவுக்கும் ஒருக்கால் இரத்தம் பார்க்க வேண்டுமாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். அம்மா மிளகாய்த்தூள் பார்சல் அனுப்புகிறா. பெரியப்பா இன்றைக்குச் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டாமல், தழும்பு தெரியக் கோயிலுக்கு வந்தார்.

பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். என்னோடு கோபமாக இரு, இருக்க வேண்டும். கோபம் ஆறினதும் போன் எடு. ஸ்பீக்கரிலேயே போடு பிள்ளை, ராகுலனும் கேட்கட்டும், நான் திரும்பவும் முதலில் இருந்து சொல்லுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
இராசரத்தினம்