பதினேழாம் நம்பர் வீடு

என்னங்க,

மாகாண சபை கலைஞ்சதும், "மெம்பரா இருந்து என்னத்தக் கிழிச்சேன்"னு சொல்லிட்டு, பழைய கணக்காளர் வேலைக்கே கொழும்புக்குப் போயிட்டீங்க. தீபாவளிக்கும் வரல. அதை நான் கேக்கல.

தோட்டத்து லயம் லயமா நடந்து, வரிசை வீட்டுக் கதவை எல்லாம் எண்ணி எழுதி, சபையில சண்டை போட்டுக் கேட்டீங்களே வீட்டு நம்பர், அதைப் போன மாசம் எல்லாக் கதவுலயும் அடிச்சுட்டாங்க.

வீட்டுக்கு நம்பர் இல்லாம, நம்ம கடிதமெல்லாம் தோட்டத்து ஆபிஸ்லதானே கிடக்கும்? பக்கத்து வீட்டு ரோஷானியோட அண்ணனுக்கு வந்த இன்டர்வியூ கடிதம்கூட தேதி முடிஞ்சுதானே கைக்கு வந்துச்சு? நேத்து தபால்காரர் நேரா லயத்துக்கே வந்து, ரோஷானிக்குக் கெம்பஸ்ல படிக்க இடம் கிடைச்ச கடிதத்தைக் கையில கொடுத்தாருங்க! லயமே உங்க பேரைத்தான் சொல்லுது.

நமக்குப் பதினேழாம் நம்பர். பதில் எழுத வேணாம். நம்பரைப் பார்த்து நீங்களே வாங்க.

இன்னைக்கும்,
மெம்பர் பொஞ்சாதி