நீ தேய்த்த கேக் தட்டு

இன்று காலை குழாயடியிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. கம்பி நாரால் இரும்பைத் தேய்க்கிற சத்தம். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அந்தச் சத்தமும் உன்னோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். எட்டிப் பார்த்தால் உன் மகள். பரணிலிருந்து உன் கேக் தட்டை இறக்கி, உன்னைப் போலவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவளுக்குப் பத்து முடிகிறது. அம்மா தட்டில் சுட்ட கேக்தான் வேண்டுமாம்.

உனக்குக் கடிதம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உன் சாவில் ஊரே பார்க்க மாரில் அடித்துக்கொண்டு அழுதவள் நான். ஓரகத்தி என்றால் இப்படி இருக்கணும் என்று நாலு பேர் சொன்னார்கள். அழுகை பொய்யில்லை. ஆனால் அழுகைக்கு நடுவிலேயே, இனி இந்த வீட்டில் கேக் சுட நான் ஒருத்திதான் என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் வேலை பார்க்கிற இரும்புக் கம்பெனியில் மீந்த தகட்டை வெட்டி, விளிம்பு மடித்து, ஒரே அளவில் இரண்டு தட்டு செய்து கொண்டுவந்தார். அண்ணி என்று எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. ஒரே தகடு, ஒரே ஓவன். என் தட்டைக் கவிழ்த்தால் கேக் முழுசாக வழுக்கிக்கொண்டு விழும். உன் தட்டைக் கவிழ்த்தால் பாதி விழும், பாதி உள்ளேயே நிற்கும். தோசைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுப்பாய். அந்தத் தூளுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். ருசி உன் கேக்குக்குத்தான். அதுதான் எனக்கு ஆகவில்லை.

நீ ஏன் அப்படித் தேய்த்தாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் அப்பாவும் அம்மாவும் எங்கள் கழனியில் நாற்று நட்டவர்கள். கம்பெனி பஸ்ஸில் பழகிய உன்னைக் கொழுந்தனார் கட்டிக்கொண்டு வந்த அன்று அத்தை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமியார் என்ற முறையில் பிறகு உள்ளே விட்டார். ஆனால் நீ கழுவிய பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் வழித்து, திரும்பவும் குழாயடியிலேயே வைப்பார். நீ சமைத்த நாளில் வயிறு சரியில்லை என்பார். நீ இருந்த அத்தனை வருஷமும் அவருக்கு வயிறு சரியில்லாமலே இருந்தது. அதனால் நீ தேய்த்தாய், முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தாய்.

என் தட்டு கறுப்பு. கேக்கை எடுத்ததும் ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, சூடு இறங்காத ஓவனுக்குள்ளேயே வைத்துவிடுவேன். ஏறி ஏறிப் படிந்த அந்தக் கறுப்புதான் ஒட்டவிடாமல் காக்கிறது. தேய்த்தால் அது போய்விடும், கம்பி நார் போட்ட கீறலிலெல்லாம் மாவு பிடித்துக்கொள்ளும். இதை உனக்கு நான் சொல்லவில்லை. வெண்ணெய் தடவு என்றேன். மைதா தூவித் தட்டு என்றேன். பத்து நிமிஷம் ஆறவிட்டுக் கவிழ் என்றேன். எல்லாம் உண்மைதான். முக்கியமானதை மட்டும் வைத்துக்கொண்டேன். நீ புதுவாயல் கடையிலிருந்து, தட்டில் ஒட்டாமலிருக்கப் பட்டர் பேப்பர் வாங்கிவந்த அன்று, "பேப்பர் போட்டு சுட்டா அது கடை கேக்குடி" என்று சிரித்தேன். நீ அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாய்.

ஒருநாள் நீயே கேட்டாய்.

"அக்கா, தோசக்கல்ல நாம தேய்க்க மாட்டோம்ல? அதுமாரி இதயும் தேய்க்காம உட்டா ஒட்டாதோ இன்னாவோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தை மாற்றாமல் சொன்னேன்.

"உன் இஷ்டம். ஆனா உன் தட்டு கறுப்பா இருந்தா அத்த இன்னா சொல்லுவாங்கன்னு யோசிச்சிக்கோ. என்னுதுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நீ மறுபடி கம்பி நாரை எடுத்தாய்.

உன் மகளுக்கு ஐந்து முடிந்த அந்தப் பிறந்தநாளுக்கு, "பேத்திக்கோசரம் ஒரு துண்டு துன்றேன்" என்று அத்தை தன் வாயாலேயே சொல்லியிருந்தார். உன் கையால் அவர் தின்னப்போகிற முதல் பண்டம். முந்தின நாளே தட்டை இரண்டு தரம் தேய்த்தாய். மறுநாள் கூடம் நிறைய ஆட்கள், வாழைப்பழக் கேக் வாசம். நீ கவிழ்த்தாய். ஓரம் மட்டும் விழுந்தது, நடுவெல்லாம் தட்டிலேயே நின்றுவிட்டது.

"கேக்குக்கே உன் கை ஆவல. நான் இன்னாத்த துன்றது?" என்றார் அத்தை.

நான் உள்ளே போய், விடியற்காலையில் சுட்டு மூடி வைத்திருந்த என் கேக்கைக் கொண்டுவந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை இரண்டு துண்டு தின்றார். நீயும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல வேளக்கா, நீங்க செஞ்சி வெச்சிருந்தீங்க" என்றாய். நன்றி சொன்னாயா, குத்திக் காட்டினாயா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு அத்தை உன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றரை வருஷம் கழித்து, நாலு நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய்.

இன்று காலை உன் மகள் கையிலிருந்து நாரைப் பிடுங்கினேன். "தேய்க்காதடி, கறுப்பாவட்டும்" என்றேன்.

"கறுப்பா இருந்தா பாட்டி துன்ன மாட்டாங்கன்னு அம்மா சொல்லும் பெரிம்மா."

"துன்னலன்னா போவட்டும்." கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். நீ தோசைக்கல்லைச் சொல்லிக் கேட்ட அன்றே வரவேண்டிய தைரியம் அது.

இரண்டு பேருமாகத் தட்டில் எண்ணெய் தடவி ஓவனில் காயவைத்தோம், துடைத்தோம், மறுபடி தடவினோம். ஏன் ஒட்டுகிறது, ஏன் ஒட்டாது என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அம்மாவுக்குத் தெரியாதா பெரிம்மா?"

உன் கேள்வி என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது, தோசைக்கல் என்று நீ சொன்ன குரலோடு. அதை எடுத்து அவளிடம் கொடுத்துவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். கொடுத்தால் என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாளா?

"தெரியாதுடி" என்றேன்.

"பாவம்ல அம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டுக்கு எண்ணெய் தடவப் போனாள்.