தர்ஷினிக்குச் சொன்ன வழி

டெலிஷா அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி? நம் மகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

போன கிழமை, நான் துப்புரவு செய்யும் துபாய் ஹோட்டலுக்குத் தர்ஷினி புருசனோடு வந்திருந்தாள். நம் ஊர் றக்வானைப் பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"அக்கா, தமிழா? நாங்க வெளிநாடு வந்தது இதான் மொத தடவ. எங்கெங்க போகலாம்?"

"பகல் வெயில்ல நடக்காதீங்க. மெட்ரோவுல போங்க. அந்த உயரமான கோபுரத்துல ஏற முன்கூட்டியே டிக்கெட் எடுத்துருங்க."

"மேல இருந்து பாத்தா எப்படி இருக்கும்?"

"அழகா இருக்குங்க" என்றேன். இங்கே வந்த நாலு வருசத்தில் நான் அதில் ஏறியதே இல்லை.

"நீங்க எந்த ஊரு?"

"திருச்சி" என்று சொல்லிவிட்டேன். றக்வானை என்றால் என்னைக் கண்டுபிடித்துவிடுவாள்.

வீட்டுப் பெட்டியில் என் பள்ளிக்கூடப் படம் இருக்கும். அனுப்புங்கள். அவ்வளவு மாறிவிட்டேனா என்று பார்க்க வேண்டும். மேலாளர் கூப்பிடுகிறார்.

கிளாரா